கயிறு பிடிக்கிற கை: மோட்டார்கள் எரியாமல் இருக்கக் கற்றுக்கொண்ட கதை

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கருகின வாசனையில இருந்து ஆரம்பிக்கலாம்.

போன ஏப்ரல்ல தூத்துக்குடி போயிருந்தேன். போன மறுநாளே ஃப்ரெண்டு வீட்டு உப்பளத்துல மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. போர்ல இருந்து உப்புத் தண்ணியை எடுத்துப் பாத்திக்கு விடுற த்ரீ பேஸ் மோட்டார். ஏப்ரல்ல அது நின்னா என்ன ஆகும்னு சென்னையில உக்காந்து யோசிச்சா புரியாது. உப்பு விளையுறது வெயில் காலத்துல. அந்த நாட்கள்ல தண்ணி ஏறலைன்னா முதலாளிக்கு நஷ்டம், கூலிக்கு வந்தவங்களுக்கு அன்னைக்கு வேலையே இல்ல. அதனால மோட்டாரைக் கழட்டி லோடு ஆட்டோவுல போட்டு, டவுன்ல ஒரு வைண்டிங் கடைக்குக் கொண்டு போனோம்.

கடைக்கார அண்ணாச்சி மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தார். மீட்டர் எதுவும் வைக்கல. மோந்து பார்த்தார், அவ்வளவுதான்.

“மூணு பேஸும் ஒண்ணுபோல கருகியிருக்கு, பாத்தியா தம்பி? ஒரு பேஸ் இல்லாம ஓடியிருந்தா ரெண்டு கருகும், ஒண்ணு புதுசாட்டம் இருக்கும். இது ஓவர்லோடு. ஒரே நாள்ல எரியல. தினம் கொஞ்சம் கொஞ்சமா வெந்திருக்கு. ஸ்டார்ட்டர்ல ரிலே கெடக்கா?”

ஃப்ரெண்டு நெளிஞ்சான். ரிலே இருந்துச்சு. ஆனா அதைத் தாண்டி ஒரு வயரைப் போட்டு டைரக்ட் பண்ணி வச்சிருந்தாங்க. “வெயில் ஏறினா சும்மா சும்மா ட்ரிப் ஆகுது அண்ணாச்சி”ன்னான்.

அன்னைக்குச் சாயங்காலம் துறைமுகம் பக்கம் போனோம். தூரத்துல பெரிய கிரேன்கள் கண்டெய்னர்களைத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. தூக்குறது, நகர்த்துறது, இறக்குறது, திரும்ப வர்றது. ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம், சில சமயம் கொஞ்சம் கூட. ராத்திரி பகலா இதே வேலை. ஒவ்வொரு தடவையும் நின்ன நிலையில இருந்து முப்பது டன் வரைக்கும் தூக்கணும். நம்ம உப்பளத்து மோட்டார் ஒரே வேகத்துல நிதானமா ஓடிக்கிட்டே எரிஞ்சு போகுது. அந்தக் கிரேன் மோட்டார் இவ்வளவு முரட்டு வேலை பார்த்தும் எரியலையே, ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனா அது நூத்து முப்பது வருஷக் கதையா விரியுது. அதுக்கு முந்தி இதே கடல்ல நடந்த ஒரு கதையும் உள்ள வருது.

முதல்ல அடிப்படை. கம்பியில கரண்டு போனா கம்பி சுடும். எவ்வளவு சுடும்னு 1841-ல் ஜேம்ஸ் ஜூல் கணக்குப் போட்டு வெளியிட்டார். கரண்டு ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. வர்க்கத்துல ஏறுது. இந்த வர்க்கம்தான் இன்னைக்கு எபிசோடோட வில்லன்.

மோட்டார்ல எரியுறது செம்புக் கம்பி இல்ல. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும். எரியுறது அது மேல இருக்கிற இன்சுலேஷன். அந்தக் காலத்துல பருத்தி நூல், பட்டு, காகிதம், அது மேல வார்னிஷ். இப்ப எனாமல். இது சட்டுன்னு ஒரு டிகிரியில பொசுங்கிப் போற பொருள் கிடையாது. மெல்ல மூப்படையும். 1930-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில இருந்த மான்ட்சிங்கர் டிரான்ஸ்ஃபார்மர்களை வச்சு ஒரு விதி சொன்னார்: வெப்பநிலை சுமார் 8 டிகிரி ஏறினா இன்சுலேஷனோட ஆயுள் பாதியாகுது. மோட்டார் ஆட்கள் இதை 10 டிகிரின்னு ஒரு கை கணக்கா வச்சுக்கிட்டாங்க.

இப்ப உப்பளத்துக்கு வாங்க. மோட்டார் 20 சதவீதம் மட்டும் கூடுதல் கரண்டு இழுக்குதுன்னு வைங்க. சூடு 44 சதவீதம் கூடும். சாதாரணமா காயில் 80 டிகிரி ஏறும்னா இப்ப 115 டிகிரி ஏறும். 35 டிகிரி கூடுதல். பத்து பத்தா பாதியாக்கிக்கிட்டே போனா, ஆயுள் பத்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடுது. தோராயக் கணக்குதான், சூடு முழுக்கச் செம்புல இருந்தே வருதுன்னு எடுத்துக்கிட்டேன். ஆனா அண்ணாச்சி மோந்து பார்த்துச் சொன்னது இதைத்தான். கொஞ்சம் கொஞ்சமா வெந்திருக்கு.

சரி, ஃபியூஸ் இருக்கே, அது என்ன பண்ணுச்சு?

ஃபியூஸ் எடிசன் காலத்துச் சங்கதி, 1880-கள். கரண்டு ஏறினா மெல்லிசா இருக்கிற ஒரு கம்பி உருகி அறுந்துடும். அழகான யோசனை, விளக்குக்குப் போதும். மோட்டாருக்குப் போதாது. ஏன்னா இண்டக்ஷன் மோட்டாரை நேரா ஆன் பண்ணா, வேகம் எடுக்கிற அந்தச் சில விநாடிகள்ல வழக்கத்தைவிட ஆறு ஏழு மடங்கு கரண்டு இழுக்கும். அதைத் தாங்குற அளவுக்கு ஃபியூஸ் போட்டாத்தான் மோட்டார் ஸ்டார்ட்டே ஆகும். அவ்வளவு தடி ஃபியூஸ், 20 சதவீதக் கூடுதலை நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு சும்மா இருக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆனா காப்பாத்தும். மெல்ல வேகுறதைக் காப்பாத்தாது.

ஆக பிரச்சினை இதுதான். ஆறு மடங்கு கரண்டு அஞ்சு விநாடிக்குத் தப்பில்ல. ஒண்ணே கால் மடங்கு அஞ்சு மணி நேரத்துக்குத் தப்பு. எவ்வளவுங்கிறதை மட்டும் பார்க்கிற காவல்காரன் இங்க உதவ மாட்டான். எவ்வளவு நேரமாங்கிறதையும் பார்க்கணும், இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னும் ஞாபகம் வச்சிருக்கணும்.

இங்கதான் எனக்கு முத்துக்குளிப்பு ஞாபகம் வந்துச்சு.

மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பத்தி நேர்ல பார்த்து எழுதினவங்க பலர். பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்த ராபர்ட் பெர்சிவல் 1803-லயும், பாதிரியார் ஜேம்ஸ் கார்டினர் 1807-லயும் வெளியிட்ட இலங்கைப் புத்தகங்கள்ல அரிப்புக் கரையில நடந்த சலாபத்தைப் பத்தி விவரமா இருக்கு. அரிப்பு நமக்கு நேர் எதிர்க்கரை. இந்தக் கரைக் குளியாளர்கள் அங்கேயும் போவாங்க, அங்க உள்ளவங்க இங்கேயும் வருவாங்க. ஒரே கடல்தானே.

கார்டினர் சொல்ற கணக்கைக் கவனிங்க. ஒரு தோணியில ஒரு தண்டல், பத்து குளியாளர்கள், மிச்சம் பதிமூணு பேர் தோணியைப் பார்த்துக்கவும் கயிறு பிடிக்கவும். ஆனா மூழ்குறதுக்கான கல் அஞ்சே அஞ்சுதான். பத்து பேருக்கு அஞ்சு கல்லு! முதல்ல படிக்கிறப்ப ஏதோ சிக்கனம்னு நினைச்சேன். சிக்கனம் இல்ல. எந்த நேரத்துலயும் அஞ்சு பேர் தண்ணிக்குள்ள, அஞ்சு பேர் மேல மூச்சு வாங்கிக்கிட்டு. முறை மாத்தி முறை மாத்தி இறங்குவாங்க. ஆள் மேல வந்ததும் உடனே திரும்ப இறங்கணும்னா கல் காலியா இருக்காது. அந்த ஓய்வை யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்ல. தோணியோட கணக்குலயே அது உக்காந்திருக்கு.

இது ஒரு கணக்கு. இதுக்கு உள்ளே இன்னொண்ணு: ஒரு முழுக்கு சுமார் ஒரு நிமிஷம். குளியாள் கயிறை இழுத்தா மேல இருக்கிறவர் உடனே தூக்கணும். அதனாலதான் மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க, தங்கச்சி தாலி அந்தக் கையிலதானே இருக்கு. இதுக்கு வெளியே மூணாவது கணக்கு: தோணிகள் நடுராத்திரி கரைக்காத்துல கிளம்பி, விடிஞ்சதும் குளிக்க ஆரம்பிச்சு, உச்சிக்குப் பக்கத்துல கடற்காத்து எழும்பினதும் திரும்பணும். அதுக்குக் கரையில பீரங்கி சுடுவாங்க.

ஒரு நிமிஷக் கணக்கு, சில நிமிஷக் கணக்கு, அரை நாள் கணக்கு. மூணும் வேற வேற ஆபத்துக்கு. இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில திரும்ப வரும்.

இதை ரொம்ப இனிப்பாக்கவும் வேணாம். பெர்சிவல் எழுதுறார்: மேல வர்றவங்க வாய், மூக்கு, காது வழியா தண்ணி வரும், பல தடவை ரத்தமும் வரும், ஆனாலும் திரும்ப இறங்குவாங்க, ஒரு நாளைக்கு நாப்பது ஐம்பது தடவை. அதாவது அந்தக் கணக்குல வச்ச லிமிட், உடம்போட உண்மையான லிமிட்டுக்கு மேல இருந்துச்சு. லிமிட் இருக்குங்கிறதும் அது சரியான இடத்துல இருக்குங்கிறதும் ஒண்ணு கிடையாது.

திரும்ப மோட்டாருக்கு வருவோம். ஞாபகம் உள்ள காவல்காரனை எப்படிச் செய்யுறது? அப்ப கம்ப்யூட்டர் கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. பதில் ஒரு தகட்டுல இருந்துச்சு.

ரெண்டு வேற உலோகத்தை ஒட்டி ஒரு பட்டையாக்கினா, சூடு பட்டதும் ஒண்ணு அதிகமா நீளும், இன்னொண்ணு கம்மியா நீளும், பட்டை வளையும். இதைப் பதினெட்டாம் நூற்றாண்டுல கண்டுபிடிச்சவர் ஜான் ஹாரிசன். கப்பல்ல கொண்டு போற கடிகாரம் வெயில் குளிர்ல நேரம் தப்பாம இருக்கணும்னு செஞ்சது. கடல்ல வழி தெரியுறதுக்காகப் பிறந்த இந்த பைமெட்டல் பட்டை, பின்னாடி மோட்டாருக்குக் காவலா வந்துச்சு. மோட்டாருக்குப் போற அதே கரண்டு ரிலேக்குள்ள இந்தப் பட்டையையும் சூடாக்கும். மோட்டார் மெல்ல சுட்டா பட்டையும் மெல்ல சுடும். மோட்டார் ஆறினா பட்டையும் ஆறும். ஒரு அளவுக்கு மேல வளைஞ்சா ஸ்விட்சைத் தட்டி விட்டுடும். ஸ்டார்ட் ஆகுற அஞ்சு விநாடியைப் பொறுத்துக்கும், ஒரு மணி நேர ஓவர்லோடைப் பொறுத்துக்காது. ட்ரிப் ஆன உடனே ரீசெட் பட்டனை அமுக்கினா நிக்காது, பட்டை ஆறணும். அந்த ஓய்வு மோட்டாருக்கானது.

ரிலேங்கிறது மோட்டாரோட ஒரு சின்ன பொம்மை. மோட்டாருக்கு உள்ள தெர்மாமீட்டர் வைக்க முடியாததால, அதுக்கு வெளிய, அது படுற பாட்டை எல்லாம் படுற ஒரு பொம்மை. எனக்கு இந்த முழுக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச யோசனை இதுதான். ஒரு சிமுலேஷன், ஆனா கோடு இல்லாம.

ஆனா பொம்மையும் மோட்டாரும் ஒரே வெயில்ல நிக்கணும். உப்பளத்துல என்ன நடந்துச்சுன்னா, மோட்டார் கூரைக்குக் கீழ இருக்கு, ஸ்டார்ட்டர் பெட்டி வெளிய ஒரு கம்பத்துல, தகரப் பெட்டி, மேற்கு வெயில் நேரா அடிக்குது. மத்தியானம் பெட்டிக்குள்ள இருக்கிற பட்டை வெயிலாலயே பாதி வளைஞ்சிடும். மோட்டார் நல்லாத்தான் இருக்கும், ரிலே ட்ரிப் ஆகும். வெளிச்சூட்டைக் கழிச்சுக்கிற ரிலேக்கள் இருக்கு, இது அந்த ரகம் இல்ல போல. நாலு தடவை பொய்யா கூப்பாடு போட்டா அஞ்சாவது தடவை யார் கேப்பா? வயரைப் போட்டு டைரக்ட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் நிஜமாவே ஓவர்லோடு வந்தப்ப சொல்ல ஆள் இல்ல. ஃப்ரெண்டைத் திட்ட வாய் வரல. ப்ரொடக்ஷன் சர்வர்ல அலர்ட் தொல்லை தாங்காம ம்யூட் போட்டவன்தானே நானும்.

இது வரைக்கும் பார்த்தது எல்லாம் ரெண்டே வழி: ஓடு, இல்லைன்னா நில்லு. அடுத்த கட்டம் கொஞ்சம் நயமானது. நிறுத்தாம, ‘இதுக்கு மேல வேணாம்’னு பிடிச்சு வைக்கிறது. அதுக்கு மோட்டாருக்கும் கரண்டுக்கும் நடுவுல ஒரு ஆம்ப்ளிஃபயர் வேணும். ஸ்பீக்கருக்கு இருக்கிற மாதிரியேதான்: சின்ன சிக்னல் சொல்ற பேச்சைப் பெரிய கரண்டு கேட்கணும்.

முதல் ஆம்ப்ளிஃபயர் ஒரு இயந்திரம். 1891-ல் ஹாரி வார்ட் லியோனார்ட் ஒரு ஏற்பாட்டுக்கு பேட்டன்ட் எடுத்தார். ஒரு மோட்டார் ஜெனரேட்டரைச் சுத்தும், அந்த ஜெனரேட்டர் வேலை செய்யுற டிசி மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கும். ஜெனரேட்டரோட காந்தப் புலத்துல சின்னக் கரண்டை மாத்தினா, அங்க பெரிய மோட்டார் கேட்கும். லிஃப்ட், கிரேன், சுரங்க எந்திரம்னு பல பத்தாண்டுகள் இதுதான் ராஜா. 1930-களின் கடைசியில ஜெனரல் எலக்ட்ரிக்கின் அலெக்சாண்டர்சன் ‘ஆம்ப்ளிடைன்’னு ஒண்ணு கொண்டு வந்தார். சுத்துற ஆம்ப்ளிஃபயர்னே சொல்லலாம். ரெண்டாம் உலகப்போர்ல பீரங்கிகளைத் திருப்ப இது உழைச்சுது. 1957-ல் அதே கம்பெனியில தைரிஸ்டர் வந்துச்சு. அதுக்கப்புறம் சுத்துற ஆம்ப்ளிஃபயர்களோட இடத்தை ஒரு அலமாரி அளவு எலக்ட்ரானிக்ஸ் பிடிச்சுக்கிச்சு.

இந்த டிரைவுகளுக்குள்ள ஒரு ஏற்பாடு நிலைச்சுது, இன்னைக்கு வரைக்கும் அதுதான். ரெண்டு சுத்து கண்ட்ரோல். வெளிச்சுத்து வேகத்தைப் பார்க்கும்: “வேகம் பத்தல, இன்னும் இவ்வளவு கரண்டு கொடு”ன்னு கேட்கும். உள்சுத்து கரண்டைப் பார்க்கும்: கேட்ட கரண்டு வருதான்னு சரி பார்க்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாசல். வெளிச்சுத்து எவ்வளவு வேணும்னாலும் கேட்கட்டும், வாசல்ல ஒரு அளவுக்கு மேல உள்ள போகாது. அவ்வளவுதான் கரண்டு லிமிட். கோடுல எழுதினா ஒரே வரி. ரெண்டு எண்கள்ல சின்னதை எடுக்கிற ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனோட பேரு ‘மின்’. மின்சாரத்துல வர்ற அதே மின். இந்த ஜோக்கை ஆபீஸ்ல சொல்லி யாரும் சிரிக்கல, அதனால இங்க சொல்றேன்.

ஒரே வரின்னாலும் அதுல ஒரு வம்பு இருக்கு. வாசல்ல பிடிச்சு நிறுத்தினதை வெளிச்சுத்துக்குச் சொல்லணும். சொல்லலைன்னா அது “கேட்டேன், வேகம் வரல, இன்னும் கேட்குறேன்”னு உள்ளுக்குள்ள கடனை ஏத்திக்கிட்டே போகும். வேகம் எட்டின பிறகும் அந்தப் பழைய கடன் தீரும் வரைக்கும் மோட்டாரை மிதிச்சுக்கிட்டே இருக்கும், வேகம் தாண்டி ஓடும். கண்ட்ரோல் படிச்சவங்க இதை ‘விண்டப்’ன்னு சொல்லுவாங்க. லிமிட் போட்டா மட்டும் போதாது, லிமிட் போட்டிருக்குன்னு கேட்கிறவனுக்குத் தெரியவும் வேணும்.

தைரிஸ்டர்ல இன்னொரு குறை. ஒரு தடவை திறந்துட்டா, கரண்டு தானா சுழியத்துக்கு வர்ற வரைக்கும் மூட முடியாது. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில அது பல மில்லி விநாடி. ஆபத்து நேரத்துல அது ரொம்ப நேரம். நினைச்ச மாத்திரத்துல மூடுற பெரிய ஸ்விட்ச் வேணும். டிரான்சிஸ்டர்கள் இருந்துச்சு, ஆனா இவ்வளவு பெரிய கரண்டுக்கு அதுங்களை ஓட்டுறதே ஒரு பெரிய வேலை.

இங்க ஒரு சென்னைக்காரர் வர்றார். ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில பிறந்தவர், 1969-ல் ஐஐடி மெட்ராஸ்ல இன்ஜினியரிங் முடிச்சவர். அமெரிக்கா போய் ஜெனரல் எலக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்துல சேர்ந்தார். ஏசி, ஹீட் பம்ப் மோட்டார்களோட வேகத்தை மாத்தி கரண்டு மிச்சம் பிடிக்கணும், அதுக்கு நல்ல ஸ்விட்ச் வேணும்னு கம்பெனிக்குத் தேவை. 1980-களின் தொடக்கத்துல அவர் உருவாக்கினதுதான் ஐ.ஜி.பி.டி. இந்த மாதிரி விஷயம் தனி ஒருத்தர் கதையா எப்பவும் இருக்காது, மத்த கம்பெனிகள்லயும், ஜப்பான்லயும் இதே திசையில ஆட்கள் வேலை பார்த்தாங்க. ஆனா இதைத் தொழிற்சாலை வரைக்கும் கொண்டு வந்ததுல அவர் பேரு முன்னாடி நிக்குது. 2024-ல் ஃபின்லாந்தோட மில்லேனியம் டெக்னாலஜி பரிசு அவருக்குக் கிடைச்சுது. நம்ம வீட்டு இன்வெர்ட்டர் ஏசி, மெட்ரோ ரயில், எலெக்ட்ரிக் கார் எல்லாத்துலயும் அந்த ஸ்விட்ச் குடும்பம்தான்.

ஐ.ஜி.பி.டி வந்த பிறகு டிரைவுக்கு மூணு கணக்கு கிடைச்சுது. தோணியில இருந்த மாதிரியே மூணு.

முதல் கணக்கு மைக்ரோ விநாடியில. இது மோட்டாரைக் காப்பாத்த இல்ல, ஸ்விட்சையே காப்பாத்த. ஷார்ட் சர்க்யூட் ஆனா ஐ.ஜி.பி.டி பொதுவா ஒரு பத்து மைக்ரோ விநாடிதான் தாங்கும். விரல் நகம் அளவு சிலிக்கான், அதுல சூடு தேங்க இடமே இல்ல. இதைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, ஹார்டுவேரே சட்டுன்னு மூடிடும். இது மச்சான் கையில இருக்கிற கயிறு.

ரெண்டாவது கணக்கு விநாடியில. இதுக்குப் பேரு ‘ஐ ஸ்கொயர் டி’. நம்ம வில்லன் வர்க்கத்தையே வேலைக்கு வச்ச கணக்கு. ஒவ்வொரு நொடியும் கரண்டோட வர்க்கத்துல இருந்து வழக்கமான அளவைக் கழிச்சு ஒரு உண்டியல்ல போட்டுக்கிட்டே வரும். டிரைவ் வாங்கினா தகட்டுல ‘150 சதவீதம், 60 விநாடி’ன்னு போட்டிருக்கும். 1.5-இன் வர்க்கம் 2.25. ஒண்ணைக் கழிச்சா 1.25. அறுபது விநாடிக்கு 75. அதுதான் உண்டியலோட கொள்ளளவு. இதே உண்டியல்ல 200 சதவீதம் இழுத்தா? நாலுல ஒண்ணு போனா மூணு, 25 விநாடியில நிரம்பிடும். 120 சதவீதம் இழுத்தா? 0.44, கிட்டத்தட்ட மூணு நிமிஷம் தாங்கும். பாதிக் கரண்டுல ஓடினா உண்டியல்ல இருந்து விநாடிக்கு 0.75 வெளிய போகும், 100 விநாடியில காலி. நிஜ டிரைவ்கள்ல சூத்திரம் இன்னும் கொஞ்சம் சிக்கலா இருக்கும், சாரம் இதுதான். உண்டியல் நிரம்புறப்ப டிரைவ் நிறுத்தாது. வாசலைச் சுருக்கி, கரண்டை நூறு சதவீதத்துக்கு இறக்கிக் கொண்டு வரும். அஞ்சு கல், பத்து ஆள்.

மூணாவது கணக்கு நிமிஷத்துல, மணியில. மோட்டாரோட இரும்பும் செம்பும் சேர்ந்து சூடேறுற கணக்கு. அந்தப் பைமெட்டல் பொம்மை இப்ப நினைவகத்துல ஒரு எண்ணா உக்காந்திருக்கு. மோட்டாரோட ஃபேன் அதே தண்டுலதான் இருக்கு, மெதுவா சுத்தினா காத்து வராது, அப்ப லிமிட்டும் இறங்கணும். இதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியும். பெரிய மோட்டார்கள்ல காயிலுக்குள்ளயே சென்சார் புதைச்சு நேரா டிகிரி படிப்பாங்க, அப்ப பொம்மையே வேணாம்.

ஒரு வேடிக்கை. பைமெட்டல் பட்டை பவர் போனாலும் ஆற நேரம் எடுக்கும். சாஃப்ட்வேர் பொம்மை? பவரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எண் சுழியம் ஆயிடும். மோட்டார் உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கும், டிரைவ் ‘இப்பதான் பிறந்தேன்’னு நிக்கும். எங்க தொழில்ல எல்லா வியாதிக்கும் கொடுக்கிற மருந்து இங்க விஷம். அதனாலதான் மின் அணைஞ்சாலும் சூட்டுக் கணக்கை மறக்காம வச்சிருக்கணும்னு தரநிலைகள் தனியா ஒரு விதி சேர்த்தாங்க. 1900-களின் தகடு இயல்பா செஞ்சதை நாம விதி போட்டுத் திரும்பக் கொண்டு வரவேண்டியிருந்துச்சு.

இப்ப அந்தக் கிரேனைப் பார்க்கலாம். தூத்துக்குடியில ரொம்ப காலம் கப்பல் கரைக்கே வராது. கடல் ஆழம் இல்ல. கப்பல் பல கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போடும், சரக்கு தோணியில வரும், மனுஷங்க முதுகுல ஏறி இறங்கும். புதுத் துறைமுகம் 1974 ஜூலை 11-ல் நாட்டோட பெரிய துறைமுகங்கள்ல பத்தாவதா அறிவிக்கப்பட்டுச்சு. கண்டெய்னருக்குன்னு தனி முனையம் 1990-களின் கடைசியில வந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ஒட்டகக் கழுத்துக் கிரேன்கள்.

இந்த மாதிரிக் கிரேனோட மோட்டாருக்கு வேலை விட்டு விட்டுத்தான் வருது. தூக்குற சில விநாடி உண்டியல் நிரம்பும். வெறுங்கையா திரும்ப வர்றப்ப காலியாகும். பெட்டியை இறக்குறப்ப மோட்டார் ஜெனரேட்டரா மாறிக் கரண்டைத் திருப்பியே கொடுக்கும், ஆனா காயில்ல அப்பவும் கரண்டு ஓடுது, சூடு உண்டு. ஒரு சுத்துல ஏறுற சூடும் ஆறுற சூடும் சமமா வர்ற மாதிரி மோட்டாரைத் தேர்ந்தெடுத்திருப்பாங்க. நம்ம கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. முரட்டு வேலை எரிக்காது. ஆற விடாத வேலைதான் எரிக்கும்.

ஆனா கிரேன்ல ஒரு பெரிய திருப்பம் இருக்கு. இந்த எபிசோடை எடுக்கணும்னு தோணினதே அதனாலதான்.

ஃபேன்ல கரண்டு லிமிட் வேலை செஞ்சா ஃபேன் கொஞ்சம் மெதுவா சுத்தும். பம்ப்ல தண்ணி கம்மியா வரும். மோட்டார் பிழைச்சுது, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கிரேன்ல? முப்பது டன் பெட்டி அந்தரத்துல தொங்குது. அதைப் பிடிச்சு வைக்கவே இவ்வளவு கரண்டு வேணும். டிரைவ் “மோட்டார் சுடுது, கரண்டைக் குறைக்கிறேன்”னு நல்ல பிள்ளையா வாசலைச் சுருக்கினா, பெட்டி கீழ இறங்க ஆரம்பிக்கும். கீழ லாரி நிக்குது, லாரியில டிரைவர் உக்காந்திருக்கார். மோட்டாரைக் காப்பாத்துற அதே ஒரு வரிக் கோடு, அங்க ஆளைக் கொல்லும்.

அதனால தூக்குற எந்திரங்கள்ல சட்டம் வேற. பிரேக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, மூடின பிரேக்குக்கு எதிரா மோட்டார் முறுக்கிப் பார்க்கும். சுமையைத் தாங்குற முறுக்கு நிஜமாவே வந்துச்சுன்னு உறுதியான பிறகுதான் பிரேக் திறக்கும். தூக்குறப்ப கேட்ட கரண்டு வாசல்ல முட்டி, வேகம் சொன்னபடி வரலைன்னா, டிரைவ் மெல்ல மெல்லக் குறைச்சுக்கிட்டு இருக்காது. உடனே பிரேக்கைப் போட்டு நிறுத்திடும். பிரேக்கும் ஸ்பிரிங்கால மூடுறது. கரண்டு இருந்தாத்தான் திறக்கும், கரண்டு போனா தானா கவ்விக்கும். சூட்டு எச்சரிக்கை வந்தா கையில இருக்கிற பெட்டியை இறக்கி வைக்க விட்டு, அடுத்த பெட்டியைத் தூக்க விடாம நிறுத்துற மாதிரி செட் பண்ணுவாங்க.

கயிறு பிடிக்கிறவர் கை வலிக்குதுன்னு கயிறை லேசா விட முடியாது. தூக்கி முடிக்கணும், இல்ல தோணியில கட்டணும்.

நான் இந்த மாதிரி லிமிட் கோடு எழுதினா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்னு இப்பத்தான் புரியுது: சரி, குறைச்சாச்சு, குறைச்சதும் அந்தப் பக்கம் என்ன தொங்குது? டிரைவோட மெனுவுல அது ஒரு பேராமீட்டர். பம்ப்னு ஒரு தேர்வு, ஹாய்ஸ்ட்னு ஒரு தேர்வு. போடுறவருக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்கணும்.

உப்பளத்து மோட்டார் மூணாம் நாள் திரும்பி வந்துச்சு. புதுக் காயில், வார்னிஷ் வாசனை. அண்ணாச்சி ஃப்ரெண்டுகிட்ட காசு வாங்குறதுக்கு முன்னாடி, “அந்த வயரைப் பிடுங்கிட்டேன்னு சொல்லு, அப்பதான் கேரண்டி”ன்னுட்டார். வயரைப் பிடுங்கினோம். ரிலே புதுசு போட்டோம். ஸ்டார்ட்டர் பெட்டியைக் கம்பத்துல இருந்து கழட்டி, மோட்டார் இருக்கிற கூரைக்குள்ளயே, நிழல்ல மாட்டினோம்.

மே மாசம் ஃப்ரெண்டு போன் பண்ணான். ரெண்டு தடவை ட்ரிப் ஆச்சாம். ரெண்டாவது தடவை சந்தேகப்பட்டுப் பம்பைத் திறந்து பார்த்திருக்காங்க. இம்பெல்லர் முழுக்க உப்பு இறுகிப் போய்க் கிடந்துச்சாம்.